பழைய லேப்டாப்பில் பெரிய டிஸ்க் மாட்டுவது எப்படி

லேப்டாப்பில் டிஸ்க் மாற்றும் வேலையில் ஸ்க்ரூடிரைவர் கையில் இருக்கும் நேரம் கால் மணிதான். மீதி எல்லாம் அளவு பார்ப்பதும் காப்பி எடுப்பதும். வாங்கி வந்த டிஸ்க் உள்ளே இறங்கவில்லை; இறங்கியது, ஆனால் முழு அளவு தெரியவில்லை; தெரிகிறது, ஆனால் விண்டோஸ் எழவில்லை. வழக்கமாக வரும் இந்த மூன்று புகார்களும் மூடியைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டவை. அதனால் இந்தக் குறிப்பிலும் கழற்றி மாட்டும் பகுதி பாதிக்குப் பிறகுதான் வரும்.

உள்ளே இருப்பது என்ன டிஸ்க்?

லேப்டாப் மாடல் எண்ணோடு சர்வீஸ் மேனுவல் என்று சேர்த்துத் தேடினால், எந்த மூடியைத் திறக்க வேண்டும், எத்தனை ஸ்க்ரூ, எந்த டிஸ்க் என்பதெல்லாம் படத்தோடு கிடைக்கும். பெரும்பாலான பழைய லேப்டாப்களில் இருப்பது 2.5 அங்குல டிஸ்க். அகலமும் நீளமும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. மாறுவது தடிமனும் கனெக்டரும்.

தடிமனில் 7 மி.மீ., 9.5 மி.மீ. இரண்டும் லேப்டாப்புக்கானவை. 12.5 மி.மீ. டிஸ்க் அபூர்வமாகச் சில பெரிய லேப்டாப்களில் மட்டும் போகும். 15 மி.மீ. டிஸ்க் எந்தச் சாதாரண லேப்டாப்பிலும் இறங்காது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: 3, 4, 5 டிபி கொள்ளளவுள்ள 2.5 அங்குல ஹார்ட் டிஸ்குகள் 15 மி.மீ. தடிமன் கொண்டவை. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பிரித்து லேப்டாப்புக்குள் வைத்துவிடலாம் என்ற திட்டமும் இதனாலேயே தோற்கும். போதாக்குறைக்கு, சில எக்ஸ்டர்னல் டிஸ்குகளில் யூஎஸ்பி கனெக்டர் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கை லேப்டாப்போடு இணைக்கும் சாட்டா முனையே இருக்காது.

9.5 மி.மீ. இடத்தில் 7 மி.மீ. டிஸ்க் தாராளமாகப் போகும். மிச்சமுள்ள 2.5 மி.மீ. இடைவெளிக்குப் பல எஸ்எஸ்டிகளோடு (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்குகள்) ஒரு பிளாஸ்டிக் சட்டம் தருவார்கள். டிஸ்க் பிராக்கெட்டில் ஸ்க்ரூ போட்டு இறுகுவதாக இருந்தால் அது தேவையில்லை. வெறுமனே ஓர் அறைக்குள் செருகி நிற்பதாக இருந்தால் தேவை. இல்லாவிட்டால் டிஸ்க் ஆடி, கனெக்டர் தளரும்.

கனெக்டர் விஷயத்தில், டிஸ்க்கின் முனையில் தட்டையான இரண்டு நாக்குகள் தெரிந்தால் சாட்டா. வரிசையாக ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் 44 ஊசி ஐடிஇ. அது 2000களின் நடுப்பகுதி வரை வந்த லேப்டாப். சாட்டாவில் 1.5, 3, 6 ஜிகாபிட் என்று மூன்று தலைமுறை உண்டு. புதிய டிஸ்க் பழைய போர்ட்டில் வேலை செய்யும், போர்ட்டின் வேகத்துக்குக் கட்டுப்பட்டு. எம்.2 வகைக் குச்சி டிஸ்க் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்: அதே உருவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இ என்ற வேறு இணைப்பு முறையும் உண்டு. சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ குச்சியைச் செருகினால், லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு அது இருப்பதே தெரியாது.

எவ்வளவு பெரியதாகப் போகலாம்?

சாட்டா லேப்டாப் என்றால் 2 டிபி வரை யோசிக்காமல் வாங்கலாம். அதைத் தாண்டும்போதுதான் கணக்கு. டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறை, செக்டர் (டிஸ்க்கில் உள்ள சிறு சேமிப்புக் கட்டம்) எண்ணை 32 பிட்டில் எழுதுகிறது. 512 பைட் செக்டரால் பெருக்கினால் சுமார் 2.2 டிபி. அதற்கு மேல் உள்ள இடத்துக்கு அந்த முறையில் விலாசமே கிடையாது. ஜிபிடி என்ற புதிய முறையில் இந்தத் தடை இல்லை. ஆனால் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் எழ, பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ வேண்டும். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பயாஸ் மோடு என்ற வரியைப் பாருங்கள். லெகசி (பழைய பயாஸ் முறை) என்று இருந்து, அந்த லேப்டாப்பில் யூஇஎஃப்ஐ வசதியும் இல்லையென்றால், சி டிரைவுக்கு 4 டிபி வாங்குவது பாதிப் பணத்தை வீசுவதற்குச் சமம். இரண்டாவது டிஸ்க்காக, டேட்டாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் பழைய பயாஸிலும் ஜிபிடி வேலை செய்யும்.

ஐடிஇ லேப்டாப்களில் தடை இன்னும் கீழே. 28 பிட் விலாசம் கொண்ட பயாஸ் 137 ஜிபியோடு நின்றுவிடும். விண்டோஸ் எக்ஸ்பியும் முதல் சர்வீஸ் பேக்குக்கு முன் அதற்கு மேல் போகாது. டிஸ்க் முழுதாகத் தெரிவதுபோல் தோன்றி, 137 ஜிபியைத் தாண்டி எழுதும் கணத்தில் டிஸ்க்கின் தொடக்கத்துக்கே சுற்றி வந்து மேலெழுதிவிடும் நிலையும் உண்டு. அந்தக் காலத்து லேப்டாப்புக்கு 120 ஜிபியோடு திருப்திப்படுவதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று: 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் தெரியும். தயாரிப்பாளர் 1000ஆல் எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது. ஏதும் களவு போகவில்லை.

ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

விண்டோஸ் இருக்கும் டிஸ்க்குக்கு எஸ்எஸ்டி. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் டிஸ்க்கில், தேவையான செக்டர் ஹெட்டுக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 5.6 மில்லி விநாடி ஆகும். ஹெட் நகர்வதற்கு இன்னொரு பத்துப் பன்னிரண்டு. எஸ்எஸ்டியில் இதே வேலை 0.1 மில்லி விநாடி அளவில் முடிகிறது. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கிறது; பழைய லேப்டாப் ‘தூங்கி வழிவது’ இந்தக் காத்திருப்பில்தான். போர்ட் 3 ஜிகாபிட்டாக இருப்பதால் எஸ்எஸ்டி வீண் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அந்தப் போர்ட் விநாடிக்கு 300 எம்பி வரை கொடுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொடும்.

இடம்தான் முக்கியம், வீடியோவும் படங்களும் மலையாகக் கிடக்கின்றன என்றால், எஸ்எஸ்டியை முதன்மை இடத்தில் வைத்து, டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு கேடியில் (டிவிடி டிரைவ் அளவில் உள்ள டிஸ்க் தட்டு) ஹார்ட் டிஸ்க்கை மாட்டலாம். கேடி வாங்கும்போது டிவிடி டிரைவின் தடிமனை அளந்துகொள்ளுங்கள்: 12.7 மி.மீ. ஒன்று, 9.5 மி.மீ. ஒன்று. பழைய டிவிடி டிரைவின் முன் முகப்பையும் பின்னால் உள்ள சின்னத் தகட்டையும் கழற்றிக் கேடியில் மாட்ட வேண்டும்; அந்தத் தகடு இல்லாமல் கேடி உள்ளே பூட்டிக்கொள்ளாது.

ஹார்ட் டிஸ்க்கேதான் வேண்டும் என்றால் எஸ்எம்ஆர் வகையா என்று பாருங்கள். மெல்லிய 2 டிபி டிஸ்குகள் பெரும்பாலும் அந்த வகை. ஓட்டு வேய்ந்ததுபோல் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதால், ஏற்கெனவே எழுதிய இடத்தில் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டிவரும். படம், வீடியோ சேமிக்கத் தாராளமாகப் போதும். விண்டோஸ் ஓட்டினால் நடுநடுவே உறைந்து நிற்கும்.

பழைய டிஸ்க்கின் நாடியைப் பாருங்கள்

பெரும்பாலோர் தாண்டிவிடும் கட்டம் இது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒரு மென்பொருளில் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) திறந்து மூன்று எண்களைப் பாருங்கள். 5ஆவது, கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள். 197ஆவது, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198ஆவது, கைவிடப்பட்டவை. இவற்றின் ரா மதிப்பு பூஜ்யமாக இருந்தால் நிம்மதியாக மேலே போகலாம். 197இல் பூஜ்யத்தைத் தவிர வேறு எது இருந்தாலும் சாதாரணக் குளோன் மென்பொருள் (ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் காப்பி எடுப்பது) பாதியில் நின்றுவிடக்கூடும். திரும்பத் திரும்ப முயன்றால், சாகக் கிடக்கும் டிஸ்க்கை விரட்டி ஓடவைப்பதுபோல் ஆகும்.

அந்த நிலையில் முதலில் முக்கியமான ஃபைல்களை மட்டும் வெளியே எடுங்கள். பிறகு முழு டிஸ்க்கும் வேண்டுமென்றால் லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருவது அதன் முறை. எதுவரை முடிந்தது என்று ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொள்வதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

டிஸ்க் நலமாக இருந்தாலும் பேக்கப் தனியாக வேண்டும். குளோன் பேக்கப் ஆகாது. குளோன் எடுக்கும்போது செய்யும் ஒரு தவறில் இரண்டு டிஸ்க்கும் வெறுமையாகலாம். எப்படி என்று அடுத்துப் பார்ப்போம்.

குளோன் எடுப்பது

புதிதாக விண்டோஸ் போடுவதா, இருப்பதை அப்படியே குளோன் எடுப்பதா? பல ஆண்டு குப்பை சேர்ந்த விண்டோஸ் என்றால் புதிதாகப் போடுவதே மேல். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். விண்டோஸ் 8 காலம் தொட்டு வந்த லேப்டாப்களில் லைசன்ஸ் கீ மதர்போர்டிலேயே இருப்பதால், டிஸ்க் மாறினாலும் அதே எடிஷன் தானாக ஆக்டிவேட் ஆகும். வைஃபை டிரைவரை மட்டும் முன்கூட்டியே வேறொரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அது இல்லாமல் நெட் வராது, நெட் இல்லாமல் அது வராது.

மறுபடி நிறுவ முடியாத மென்பொருள்கள் இருந்தால் குளோன்தான் வழி. சில எஸ்எஸ்டி தயாரிப்பாளர்கள் தங்கள் டிஸ்க்குக்கு இலவசக் குளோன் மென்பொருள் தருகிறார்கள். விண்டோஸுக்குள்ளேயே ஓடும், எளிது. எந்த டிஸ்க்குக்கும் பொருந்துவது குளோன்சில்லா. கேட்க இலவசம், பார்க்க முரடு.

குளோனுக்கு முன் மூன்று வேலைகள். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் முழுதாக நீக்கி, டிக்ரிப்ட் முடியும்வரை பொறுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இயங்கினால் ஷட் டவுன் என்பது அரைத் தூக்கம்தான், பார்ட்டிஷன் திறந்தே கிடக்கும், குளோன்சில்லா தொட மறுக்கும். பிறகு சி டிரைவில் ஒருமுறை செக்டிஸ்க் ஓட்டிப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள்.

புதிய டிஸ்க்கை யூஎஸ்பி-சாட்டா கேபிளில் வெளியே மாட்டுங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் என்றால் நடைமுறையில் விநாடிக்கு 35 எம்பிதான் கிடைக்கும்; 300 ஜிபி டேட்டா போய்ச்சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

குளோன்சில்லா பென் டிரைவிலிருந்து லேப்டாப்பை எழுப்பி, டிவைஸிலிருந்து டிவைஸுக்கு என்ற வழியையும், பிகினர் மோடையும், டிஸ்க்கிலிருந்து உள்ளூர் டிஸ்க்குக்கு என்பதையும் தேர்ந்தெடுங்கள். அடுத்து வரும் இரண்டு திரைகளில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் திரை கேட்பது மூலம், இரண்டாவது கேட்பது இலக்கு. டிஸ்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். பென் டிரைவ் செருகியிருப்பதால் வரிசை மாறியிருக்கலாம். பக்கத்தில் வரும் கொள்ளளவையும் மாடல் பெயரையும் வாய்விட்டுப் படியுங்கள். 500 ஜிபி மூலம், 1000 ஜிபி இலக்கு. மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க்கின் வெறுமை பழைய டிஸ்க்கில் காப்பியாகும். குளோன்சில்லா இரண்டு முறை உறுதி கேட்பது இதற்காகத்தான். பழக்கதோஷத்தில் ‘ஒய்’ அழுத்திவிடாதீர்கள்.

பார்ட்டிஷன் டேபிள் பற்றிய கேள்விக்கு, மூலத்தில் உள்ளபடியே என்பதைத் தேர்ந்தெடுங்கள். விகிதப்படி பெரிதாக்கு என்ற வழியும் இருக்கிறது; ஆனால் அது ரிகவரி பார்ட்டிஷனையும் சேர்த்து ஊதிவிடும். எந்தப் பார்ட்டிஷனையும், 100 எம்பிதானே என்று, விட்டுவிடக் கூடாது. விண்டோஸை எழுப்பும் ஃபைல்கள் பெரும்பாலும் அந்தச் சின்னப் பார்ட்டிஷனில்தான் இருக்கும்.

அதிகம் பேசப்படாத ஒரு கோளாறு: சில யூஎஸ்பி என்க்ளோஷர்கள் (டிஸ்க்கை வெளியே இணைக்கும் உறைகள்) 512 பைட் செக்டரை 4096 பைட் என்று மாற்றிக் காட்டும். அதன் வழியாக எடுத்த குளோன் வெளியே இருக்கும்வரை கச்சிதமாகத் தெரியும். உள்ளே மாட்டியதும் வெற்று டிஸ்க். குளோன் பிழையில்லாமல் முடிந்தும் இப்படி ஆனால் கேபிளை மாற்றி மறுபடி எடுங்கள். அல்லது முதலிலேயே புதிய டிஸ்க்கை உள்ளே மாட்டி, பழையதை வெளியே வைத்துக் குளோன் எடுங்கள். என்க்ளோஷர் மாற்றிக் காட்டும் ரகமாக இருந்தால் பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன்களே தெரியாது. குட்டு தொடக்கத்திலேயே உடைந்துவிடும்.

கழற்றுவதும் மாட்டுவதும்

ஷட் டவுன் செய்து, சார்ஜரை உருவி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உள்ளே புதைந்த மாடல் என்றால், மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை உருவுவது. பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் டிஸ்க் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். வெறும் உலோகம் எதையாவது தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூடிரைவர் பிலிப்ஸ் 0, 1 இரண்டும் வேண்டும். தலை தேய்ந்த ஸ்க்ரூவைத் திருகிப் பார்ப்பதைவிட, அழுத்திப் பிடித்து மெதுவாகத் திருப்புவதில்தான் அது வரும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கே குத்தி வையுங்கள். நீளம் மாறிப்போனால், நீள ஸ்க்ரூ கீபோர்டுப் பக்கம் முட்டிக்கொண்டு வெளியே வரும்.

டிஸ்க்கை மேலே தூக்காதீர்கள். கனெக்டருக்கு எதிர்ப்பக்கமாகப் படுக்கைவாட்டில் இழுங்கள். பிடித்து இழுக்க ஒரு பிளாஸ்டிக் நாக்கு பெரும்பாலும் இருக்கும். சில மாடல்களில் டிஸ்க் ஒரு ரிப்பன் கேபிளில் தொங்கும். அதன் மறுமுனையில் தாழ்ப்பாள் இருந்தால் அதைத் தூக்கிவிட்டே கேபிளை எடுக்க வேண்டும்.

வெளியே வந்த டிஸ்க்கின் முனையை நன்றாகப் பாருங்கள். சில லேப்டாப்களில் விரல் நீளத்துக்கு ஓர் அடாப்டர் துண்டு டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டு, டிஸ்க்கின் பகுதியே போல வெளியே வரும். அதை இருபுறமும் சமமாக அசைத்து உருவி, புதிய டிஸ்க்கில் செருக வேண்டும். ‘புது டிஸ்க் உள்ளே போகிறது, ஆனால் பயாஸில் தெரியவில்லை’ என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தத் துண்டைத்தான்.

பிராக்கெட்டில் வழக்கமாக நான்கு எம்3 ஸ்க்ரூ. அதே ஸ்க்ரூக்களையே திரும்பப் போடுங்கள். கொஞ்சம் நீளமான ஸ்க்ரூ டிஸ்க்கின் உள்ளே போர்டைக் கீறிவிடும். 2012 வரை வந்த, ரெட்டினா அல்லாத மேக்புக் ப்ரோவில் பிராக்கெட்டுக்குப் பதில் டிஸ்க்கின் பக்கங்களில் நான்கு குமிழ்கள். அவற்றுக்கு நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரான டார்க்ஸ் டி6 தேவை. ஹார்ட் டிஸ்க்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள், மேல் தகட்டை அழுத்தாதீர்கள், அதிலுள்ள சின்னத் துளையை டேப் ஒட்டி மூடாதீர்கள். அது மூச்சு விடும் துளை.

புதியதைப் படுக்கைவாட்டில் தள்ளி, கனெக்டருக்கு இடையே கோடுகூடத் தெரியாத அளவுக்கு அமுக்குங்கள். எல்லா ஸ்க்ரூவையும் போடுவதற்கு முன் பேட்டரியை இணைத்து ஒருமுறை பயாஸுக்குள் போய் டிஸ்க் பெயர் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். முதல்முறை விண்டோஸை எழுப்பும்போது பழைய டிஸ்க் யூஎஸ்பியில்கூட இருக்க வேண்டாம். இரண்டுக்கும் ஒரே அடையாள எண். சேர்ந்து இருந்தால் விண்டோஸ் குழம்பும்.

விண்டோஸ் எழவில்லையா?

பயாஸில் டிஸ்க்கே தெரியாவிட்டால் கனெக்டர், மேலே சொன்ன அடாப்டர், கேபிள். இந்த வரிசையில் பாருங்கள்.

டிஸ்க் தெரிகிறது, ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லை என்கிறது என்றால் பூட் வரிசையையும் லெகசி, யூஇஎஃப்ஐ தேர்வையும் பாருங்கள். பழைய டிஸ்க் எந்த முறையில் எழுந்ததோ அதே முறைதான் குளோனுக்கும். வின்லோடு (விண்டோஸை ஏற்றும் ஃபைல்) காணவில்லை என்பதுபோல வந்தால் விண்டோஸ் பென் டிரைவிலிருந்து எழுப்பி ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட்டுங்கள். முதல்முறை சரியாகாவிட்டால் இரண்டு, மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பிழையாகத் திருத்தும்.

‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்ற நீலத்திரை வந்தால், பெரும்பாலும் பயாஸில் சாட்டா மோடை (லேப்டாப் டிஸ்க்கோடு பேசும் முறை) யாரோ மாற்றியிருக்கிறார்கள். எஸ்எஸ்டிக்கு ஏஹெச்சிஐ மோடுதான் நல்லது என்று கேள்விப்பட்டு ஐடிஇ மோடிலிருந்து மாற்றினால் இதுதான் நடக்கும். பழையபடி வைத்து எழுப்புங்கள். பிறகு விண்டோஸ் 8க்கு மேல் என்றால் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டைத் தேர்ந்து, ரீஸ்டார்ட்டில் பயாஸை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுந்தபின் அந்தத் தேர்வை எடுத்துவிட்டால் போதும்.

எழுந்தும் நடுநடுவே தொங்கினால் ஸ்மார்ட்டில் 199ஆவது எண்ணைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கில் குற்றமில்லை, இணைப்பு தளர்வாக இருக்கிறது அல்லது கேபிள் தேய்ந்திருக்கிறது.

கூடுதல் இடத்தைச் சி டிரைவில் சேர்ப்பது

குளோன் முடிந்ததும் கூடுதல் இடம் டிஸ்க்கின் கடைசியில் சும்மா கிடக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் எக்ஸ்டெண்ட் வால்யூம் சாம்பல் நிறத்தில் அழுத்த முடியாமல் இருந்தால், சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவே ரிகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். ஒட்டியுள்ள இடத்தை மட்டும்தான் விண்டோஸ் சேர்க்கும். ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் மென்பொருள் உள்ள பென் டிரைவிலிருந்து எழுப்பி, ரிகவரியை வலது கோடிக்கு நகர்த்தி, பிறகு சி-யை நீட்டுங்கள். அலைன்மென்ட் (பார்ட்டிஷன் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்ற ஒழுங்கு) எம்ஐபி என்றே இருக்கட்டும். எக்ஸ்பி காலத்துப் பார்ட்டிஷன்கள் 63ஆவது செக்டரில் தொடங்கும். 4096 பைட் செக்டர் உள்ள புதிய டிஸ்க்கில் அது ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு வேலையாக்கும்.

எம்பிஆர் டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் நான்குக்கு மேல் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே நான்கும் நிரம்பிய லேப்டாப்கள் நிறைய. அங்கே காலி இடத்தில் புதிய பார்ட்டிஷன் போடப் போனால், டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா என்று விண்டோஸ் பணிவாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்றிவிட்டால் மற்ற மென்பொருள்களும் லினக்ஸும் அந்த டிஸ்க்கைச் சரியாகக் கையாளாது. திரும்பிவரும் பாதையும் கரடுமுரடு. சி-யை நீட்டுவதே போதும்.

எஸ்எஸ்டி போட்டிருந்தால் டீஃப்ராக் பக்கத்தில் அதன் வகை சாலிட் ஸ்டேட் என்று வருகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 8 முதல் அங்கே நடப்பது ட்ரிம், அதாவது அழித்த ஃபைல்களின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது. அதை அணைக்க வேண்டாம். விண்டோஸ் 7இல் மட்டும் அந்த டிஸ்க்குக்கான டீஃப்ராக் அட்டவணை நின்றிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

சந்தேகத்துக்கு இடமான மலிவு விலையில் வாங்கிய டிஸ்க் என்றால், குளோன் எடுக்கும் முன்பே ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். 2 டிபி என்று பொய் சொல்லும் 64 ஜிபி டிஸ்க் 65ஆவது ஜிபியில் மாட்டிக்கொள்ளும்.

பழைய டிஸ்க்கில் தேதி எழுதி இரண்டு மூன்று வாரம் அப்படியே வையுங்கள். அதன்பிறகு என்க்ளோஷரில் போட்டு ஃபார்மேட் செய்து எக்ஸ்டர்னல் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்தான். சுழலத் தொடங்கும் கணத்தில் டிஸ்க் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். செருகியதும் ‘டிக், டிக்’ என்று அடித்து நின்றுவிட்டால், டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் யூஎஸ்பி 3.0 போர்ட்டிலோ இரட்டை முனைக் கேபிளிலோ ஒருமுறை செருகிப் பாருங்கள்.